ப்ரோக்கோலி பொரியல்: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

ப்ரோக்கோலி பிடிக்காது என்று சொல்கிறவர்களில் பலர் அதைக் குழையக் குழைய வேகவைத்துச் சாப்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். அதிக நேரம் வெந்தால் கந்தக வாடை கிளம்பும். முட்டைக்கோஸும் அப்படித்தானே, இரண்டும் ஒரே குடும்பம். அதனால் குக்கர் பக்கமே போக வேண்டாம்.

வாங்கும்போது மொட்டுகள் நெருக்கமாக, கரும்பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் தட்டியிருந்தால் பூக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

முதலில் முழுப் பூவை உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், புழு இருந்தால் வெளியே வந்துவிடும். அப்புறம் கழுவிச் சின்னச் சின்னப் பூக்களாக நறுக்குங்கள். தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், மேல் தோலை மட்டும் சீவிவிட்டுப் பொடியாக நறுக்கினால் பூவை விட அதுதான் ருசி (என் கட்சி அது).

நறுக்கியதை உடனே அடுப்பில் ஏற்றாமல் அரை மணி நேரமாவது அப்படியே வையுங்கள். நறுக்கும்போது செல்கள் உடைந்து, அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து சல்ஃபோராஃபேன் என்ற சத்து உருவாகிறது. ப்ரோக்கோலியைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி நடப்பதே பெரும்பாலும் அதற்காகத்தான். நொதி சூடு தாங்காது, ஆனால் உருவாகிவிட்ட சத்து ஓரளவு தாங்கும். காத்திருக்க நேரமில்லையா? பச்சைக் கடுகைப் பொடித்து ஒரு சிட்டிகை, அடுப்பை அணைத்துச் சற்று ஆறியபின் தூவுங்கள், கடுகிலும் அதே வகை நொதி இருக்கிறது. தாளித்த கடுகு இதற்கு உதவாது.

அடுத்து, இட்லிப் பானையில் மூன்று நான்கு நிமிடம் ஆவியில் வைத்தால் போதும், பளிச்சென்ற பச்சை வந்ததும் எடுத்துவிடுங்கள். 100 கிராம் பச்சை ப்ரோக்கோலியில் சுமார் 90 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு, தண்ணீரில் போட்டு வேகவைத்து வடித்தால் அதில் நிறையத் தண்ணீரோடு போய்விடும். கலோரி 34தான், நார்ச்சத்து இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே.

மீதியெல்லாம் உங்களுக்குத் தெரிந்த பொரியல்தான்: எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. ப்ரோக்கோலியையும் உப்பையும் போட்டு இரண்டு பிரட்டு பிரட்டி, தேங்காய்த் துருவல் தூவி இறக்குங்கள். எண்ணெயும் தேங்காயும் வெறும் ருசிக்கு மட்டுமில்லை, ப்ரோக்கோலியில் இருக்கும் வைட்டமின் கே உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும்.

ஒன்று மட்டும்: வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், இந்த வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும், டாக்டரிடம் கேட்டுவிட்டு அளவு வையுங்கள்.