தூக்கம் குறைந்தவர்கள் எலும்பைக் காத்துக்கொள்வது எப்படி?

எலும்பு ஒருமுறை வளர்ந்து நின்றுவிடும் பொருளன்று. பழையதை அரிக்கும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 10 ஆண்களை 3 வாரங்கள் குறைவாகவும் நேரம் மாற்றியும் உறங்கவைத்தபோது, எலும்பு கட்டப்படுவதைக் காட்டும் இரத்தக் குறியீடு இறங்கியது. அரிப்பின் குறியீடோ மாறவில்லை. வரவு குறைந்தும் செலவு குறையாத வீட்டுக் கணக்குதான் இது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த 2019 ஆய்வும், 5 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களின் எலும்பு அடர்த்தி 7 மணி நேரம் உறங்கியவர்களைவிடக் குறைவு என்றது; ஆனால் தூக்கமின்மையே காரணம் என்று அது நிறுவவில்லை.

முதலில் ஒரு வாரம், படுத்த நேரத்தையும் விழித்த நேரத்தையும் நாட்காட்டியிலேயே குறித்து வாருங்கள். 7 மணி நேரத்துக்குக் குறைந்தால், விழிக்கும் நேரத்தை மாற்றாமல், படுக்கும் நேரத்தைச் சில நாளுக்கொருமுறை கால்மணி முன்னே நகர்த்துங்கள். பிற்பகலுக்குப் பின் காபியைத் தவிருங்கள்.

இரவுப் பணியாளர்கள் பகலில் கெட்டித் திரையிட்டு உறங்குவதால் வெயில் படுவது குறைகிறது. எனவே வைட்டமின் டி அளவை மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதிப்பது நல்லது. எலும்புக்கு வேண்டிய கால்சியத்துக்குக் கேழ்வரகு உதவும்; 100 கிராம் கேழ்வரகில் அது ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு.

தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குவதை நான் ஏற்கமாட்டேன்; முதியவர்கள் அந்த மயக்கத்தில் நள்ளிரவில் எழுந்து தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கொன்று எரியட்டும்.