கோல் கம்பத்துக்குப் பின்னால் இடம் கிடைத்தது எப்படி

சிங்கப்பூரில் விளையாட்டுப் போட்டிகளை மைதான ஓரத்திலிருந்து படமெடுக்க அனுமதி வாங்க, ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரருக்கு நல்ல லென்ஸ் மட்டும் போதாது. படம் எங்கே வெளியாகும் என்று போட்டி ஏற்பாட்டாளர் கேட்பார். அதைச் சொல்லாமல் அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. அப்புறம் ஒரு சின்ன இணைய இதழின் ஆசிரியரிடம் பேசினேன். "படம் தாங்க தம்பி, கடிதம் நான் தர்றேன்" என்றார். லெட்டர்ஹெட்டில் என் பெயர், ஆட்டம், தேதி, படம் வரும் இடம் எல்லாம் தெளிவாக இருந்தது. உள்ளூர் போட்டிகளில் எடுத்த சிறந்த படங்களின் இணைப்பையும் சேர்த்து, ஜாலான் புசார் அரங்கில் நடந்த கால்பந்து ஆட்டத்துக்கு விண்ணப்பித்தேன். அனுமதியும் புகைப்படக்காரர் மேலங்கியும் கிடைத்தன. அவ்வளவு சந்தோஷம்! 2008 முதல் நடக்கும் எஃப்1 இரவுக் கார் பந்தயம் போன்றவற்றுக்குப் பல வாரம் முன்பே அனுமதி கேளுங்கள். ஆட்டம் முடிந்த இரவே படங்களை இதழுக்கு அனுப்பிவிடுங்கள். ஆசிரியர் அடுத்த கடிதமும் தருவார்.