வேஃபரை லேசரால் சிப்களாகப் பிரிப்பது எப்படி?

ஒரு சிலிக்கான் வேஃபரில், அதாவது மெல்லிய வட்டத் தட்டில், நூற்றுக்கணக்கான சிப்கள் நெருக்கமாக வரிசைகட்டி இருக்கும். நெடுங்காலமாக அவற்றை அறுத்துப் பிரித்தது வைரத்துகள் பதித்த பிளேடு. நிமிடத்துக்கு 30,000 சுற்று, கூடவே பீய்ச்சும் தண்ணீர். தடிமனான வேஃபருக்கு அது இன்றும் நல்ல வழிதான். மெல்லிய வேஃபரில் ஓரம் பெயர்ந்துவிடும்.

லேசரில் இரண்டு வழி உண்டு. 355 நானோமீட்டர் புற ஊதா லேசரால் மேற்பரப்பைச் சுட்டுப் பள்ளம் போடலாம். துகள் தெறித்துச் சிப்பில் ஒட்டும் என்பதால், தண்ணீரில் கரையும் பூச்சைப் பூசிவிட்டு, அப்புறம் கழுவுவார்கள். மற்றொன்று ஸ்டெல்த் டைசிங்: மேற்பரப்பைத் தொடாமல், லேசரால் உள்ளே மட்டும் பலவீனமாக்கிப் பிரிப்பது. ஜப்பானின் ஹமாமட்சு ஃபோட்டோனிக்ஸ் உருவாக்கிய முறை. தண்ணீர் வேண்டாம், தூசியும் கிட்டத்தட்ட இல்லை. இங்கே அதைப் பார்ப்போம்.

படி 1: 300 மில்லிமீட்டர் வேஃபரின் தடிமன் 775 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பின்பக்கத்தைத் தேய்த்து 100 மைக்ரான் அளவுக்குக் குறையுங்கள். தேய்த்த கீறல் போகும்வரை மெருகேற்றுங்கள்; சொரசொரப்பில் ஒளி சிதறும்.

படி 2: சுற்று உலோக வளையத்தில் இழுத்து ஒட்டிய டேப்பில், சிப் பக்கம் கீழே இருக்கும்படி வேஃபரை ஒட்டுங்கள். காற்றுக்குமிழி கூடவே கூடாது.

படி 3: சிப்களுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளிக்கு 'ஸ்ட்ரீட்' என்று பெயர். அது இப்போது அடியில் மறைந்திருக்கிறதே, எப்படிப் பார்ப்பது? அகச்சிவப்புக் கேமராவில் பாருங்கள். அந்த ஒளிக்குச் சிலிக்கான் கண்ணாடி மாதிரி.

படி 4: இங்கே அவசரப்படாதீர்கள். ஸ்ட்ரீட் நெடுக ஓடவிடும் லேசரும் அகச்சிவப்புதான், 1064 நானோமீட்டர் அளவில். மேற்பரப்பை ஒன்றும் செய்யாமல் உள்ளே நுழைந்து, குவியும் புள்ளியில் மட்டும் படிக அமைப்பைக் குலைக்கும். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 3.5. அதனால் லென்ஸை 10 மைக்ரான் இறக்கினால் உள்ளே குவியம் 35 மைக்ரான் போல இறங்கிவிடும். கொஞ்சம் கூடுதலாக இறக்கினாலும் சிப்பின் சர்க்யூட்டையே சுட்டுவிடுவீர்கள். முதலில் வெற்று வேஃபரில் பழகுங்கள். தடிமன் அதிகமென்றால் ஆழத்தை மாற்றி மாற்றிப் பல வரிசை போட வேண்டும். இந்தக் கற்றை கண்ணுக்குத் தெரியாது. இயந்திரத்தின் மூடியைத் திறந்துவைத்து ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

படி 5: லேசர் ஓடி முடிந்தபின்னும் வேஃபர் முழுசாகவே தெரியும். டேப்பை எல்லாப் பக்கமும் சீராக இழுங்கள். உள்ளே குலைந்த இடத்திலிருந்து விரிசல் மேலும் கீழும் ஓடி, சிப்கள் ஒன்றையொன்று விட்டு விலகும். அந்த மெல்லிய கறுப்புக் கோடுகள் சட்டென்று கட்டங்கட்டமாகத் திறப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

படி 6: டேப் புற ஊதா வகையென்றால், அந்த ஒளியைக் காட்டியதும் பிசின் பிடி தளரும். சிப்களை எடுக்கலாம்.

எடுத்ததும் ஒரு சிப்பின் பக்கவாட்டை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். லேசர் பட்ட இடம் மங்கலான பட்டையாகவும் மற்றது வழவழப்பாகவும் இருந்தால் சரி. விரிசல் வளைந்து ஸ்ட்ரீட்டை விட்டு வெளியேறியிருந்தால், படி 4-க்குத் திரும்பிக் குவிய ஆழத்தைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.