பாஸ்கீ லாகின் எழுதக் கிளம்புகிறவர்களுக்கு

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் பாஸ்கீ லாகின் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக, போன் மாதிரி கருவியில் இருக்கும் ஒரு சாவியால் உள்ளே நுழைவது) எழுதிக் காட்டினார்கள். டெமோ அழகாக ஓடியது, விரலை வைத்தால் உள்ளே போகிறது. கோடிங்கைத் திறந்து பார்த்தால் சில வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கூத்து, வரி மாறாமல். எச்டிடிபிஎஸ் வேண்டும், சேலஞ்சை (கையெழுத்துப் போடச் சொல்லி சர்வர் அனுப்பும், யூகிக்க முடியாத தரவு) ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்க வேண்டும் என்பதெல்லாம் எந்த டுடோரியலைத் திறந்தாலும் இருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

கைரேகை சர்வருக்கு வருவதாக நினைப்பது

நம்ம ஊரில் இந்தக் குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை. ரேஷன் கடையில் விரல் வைத்தால் அது ஆதார் சர்வர் வரை போய் ஒப்பிட்டுவிட்டு வருகிறது, அதையே பார்த்துப் பழகியிருக்கிறோம். பாஸ்கீயில் விரலுக்கும் முகத்துக்கும் வேலை போனோடு முடிந்தது. போனுக்குள் இருக்கும் தனிச்சாவி நாம் அனுப்பிய சேலஞ்சில் கையெழுத்துப் போடும், அந்தச் சாவிக்கு ஜோடியாக நம்மிடம் இருக்கும் பொதுச்சாவியால் அதைச் சரிபார்ப்போம், அவ்வளவுதான். ஒரு புராஜெக்டில் யூசர் டேபிளில் ‘ஃபிங்கர்பிரின்ட்’ என்று ஒரு ஃபீல்டு வைத்து, அது ஏன் காலியாகவே இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

ஆர்பி ஐடியைக் காலியாக விடுவது

பாஸ்கீ ஒவ்வொன்றும் ஒரு டொமைனோடு ஆயுளுக்கும் முடிச்சுப் போடப்படுகிறது. அந்த டொமைன் பெயர்தான் ஆர்பி ஐடி (ஆர்பி என்றால் ரிலையிங் பார்ட்டி, அதாவது லாகின் கேட்கிற தளம்). பாஸ்கீயை உருவாக்கும்போது அதை நீங்கள் சொல்லலாம். சொல்லாமல் விட்டால் அந்தப் பக்கம் இருக்கும் டொமைனை, சப்டொமைனோடு சேர்த்து, பிரவுசரே எடுத்துக்கொள்ளும்.

2023ல் நான் வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம், தளத்தை கடை.காம் என்று வைத்துக்கொள்வோம்) லாகின் பக்கம் ஆப்.கடை.காமில் இருந்தது. ஆர்பி ஐடியைக் காலியாக விட்டேன். டெஸ்டிங்கில் ஓடியது, லைவில் ஓடியது, ஐபோனில் போட்ட பாஸ்கீ ஐகிளவுட் கீசெயின் (ஒருவரின் சாவிகளை அவருடைய மற்ற ஆப்பிள் கருவிகளுக்கும் கொண்டுபோகிற வசதி) வழியாக அதே ஆளின் மேக்கிலும் வந்து நின்றது, மேனேஜர் ட்ரீட்கூட வைத்தார். ஏழு மாதம் கழித்து லாகினை அக்கவுண்ட்.கடை.காமுக்குக் கொண்டுபோவது என்று முடிவாகி, ஒரு ஞாயிறு இரவு மாற்றினோம்.

திங்கள் காலையில் சப்போர்ட் ஆட்களால் போனைக் கீழே வைக்க முடியவில்லை. வாடிக்கையாளர் தன் போன் செட்டிங்கைத் திறந்தால் பாஸ்கீ இருக்கிறது, எங்கள் டேட்டாபேஸில் பொதுச்சாவி இருக்கிறது, பிரவுசர் மட்டும் இந்தத் தளத்துக்கு பாஸ்கீ எதுவும் இல்லை என்று சாதிக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், பாஸ்கீ போட்டவர்கள் பாஸ்வேர்டையே நீக்கிவிடலாம் என்று ஒரு வசதியைப் பெருமையாகக் கொடுத்திருந்தோம். எங்களை நம்பி நீக்கியவர்கள்தான் முதலில் வெளியே நின்றார்கள்.

டேட்டாபேஸில் எதையாவது மாற்றிச் சரிசெய்துவிடலாம் என்று மதியம் வரை முட்டி மோதினேன். முடியாது. பாஸ்கீ போனுக்குள் பழைய பெயரில்தான் கிடக்கிறது, அந்தப் பெயரின் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (பெயரிலிருந்து கணக்கிட்டு எடுக்கிற அடையாளம்) கையெழுத்தாகும் தரவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, சர்வர் பக்கம் தலைகீழாக நின்றாலும் அது மாறாது. இந்தக் கறாரைக் குறை சொல்லவும் வழியில்லை; ஓர் எழுத்தை மாற்றிப் போலித் தளம் போடுகிறவன் கையில் பாஸ்கீ சிக்காமல் இருப்பதே இதனால்தான். கடைசியில் பழைய முகவரியில் லாகினைத் திரும்ப உயிர்ப்பித்து, அங்கே உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் இன்னொரு பாஸ்கீ போடச் சொல்லிக் கெஞ்சி (இந்த முறை கடை.காம் பெயரில்), எட்டு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டினோம்.

இன்னமும் எரிச்சல் வருவது எதற்கென்றால், இந்தத் தவறு சத்தமே போடாது. ஆர்பி ஐடியில் சம்பந்தமில்லாத டொமைனை எழுதினால் பிரவுசர் அந்த நிமிடமே எர்ரர் காட்டிவிடும். காலியாக விட்டால் எல்லாம் சரியாகவே நடக்கும், ஒவ்வொரு புது பாஸ்கீயோடும் கடன் ஏறிக்கொண்டே போகும். புதிதாகச் சேர்ந்த அந்த இரண்டு பேரின் கோடிங்கிலும் அந்த இடம் காலி. கேட்டால், அவர்களில் ஒருவன் “அண்ணே, அது ஆப்ஷனல்னு போட்டிருக்கு” என்கிறான்.

ஆர்பி ஐடியாகத் தாய் டொமைனையே (எங்கள் கதையில் கடை.காம்) கொடுங்கள், எல்லா சப்டொமைனிலும் ஓடும். ஆளுக்கொரு சப்டொமைன் கொடுத்து அதில் வாடிக்கையாளர்களின் சொந்த ஸ்கிரிப்டையும் ஓட விடுகிற தளம் என்றால் மட்டும் வேண்டாம், அவர்களும் உங்கள் பாஸ்கீயைக் கேட்க முடியும். இப்போது குரோம் 128, சஃபாரி 18 முதல், பழைய டொமைனில் ஒரு ஃபைல் வைத்து புது முகவரிகளையும் ஏற்றுக்கொள் என்று பிரவுசரிடம் சொல்ல வழி வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் பழைய பிரவுசர் வைத்திருப்பவருக்கு அது உதவாது, அந்தப் பழைய டொமைனுக்கும் வருடா வருடம் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் மொபைல் ஆப்பும் இருக்கிறதென்றால், ஆப்பையும் தளத்தையும் இணைக்கிற ஃபைல்களை ஆர்பி ஐடியாகக் கொடுத்த அதே டொமைனில்தான் வைக்க வேண்டும். தாய் டொமைனைப் பெரும்பாலும் மார்க்கெட்டிங் ஆட்கள் வேர்ட்பிரஸில் போட்டு வைத்திருப்பார்கள். முதலிலேயே போய்ப் பேசி வையுங்கள்.

ஆளுக்கு ஒரு பாஸ்கீதான் என்று டேபிள் போடுவது

போடாதீர்கள். ஒருவரே பல கருவிகளில் பல பாஸ்கீ வைத்திருக்கலாம்; பாஸ்கீகளுக்குத் தனி டேபிள்.

கவுன்ட்டரைப் பார்த்து ஆளை வெளியே தள்ளுவது

ஒவ்வொரு கையெழுத்தோடும் ஓர் எண் வரும், அது ஏறவில்லை என்றால் சாவியை யாரோ நகலெடுத்திருக்கலாம் என்று பழைய டுடோரியல்கள் சொல்லும். யூஎஸ்பி செக்யூரிட்டி கீ என்றால் சரி. ஐகிளவுட் கீசெயின் மாதிரி பல கருவிகளுக்கும் பரவுகிற பாஸ்கீயில் அது பெரும்பாலும் 0. பதிவிலும் 0, லாகினிலும் 0 என்றால் கண்டுகொள்ளாமல் விடுங்கள். ‘பெரிதாகத்தான் இருக்க வேண்டும்’ என்று கட்டாயமாக்கினால் ஐபோன்காரர்கள் முதல் லாகினிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

பட்டனில் ‘கைரேகை’ என்று எழுதுவது

என் அம்மாவின் விரல், பாத்திரம் தேய்த்துத் தேய்த்து, பாதி நேரம் சென்சாரில் விழாது. அவருக்கு போன் பின் நம்பர்தான், அதுவும் பாஸ்கீக்குச் செல்லுபடியாகும். ‘பாஸ்கீ’ என்றே எழுதுங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: அப்பா போனில் பேரன் விரலும் பதிந்திருக்கும், பின் நம்பர் வீட்டுக்கே தெரியும், போனைத் திறக்கத் தெரிந்தவர் பாஸ்கீயையும் திறப்பார். நம் சர்வரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. நம்மால் முடிந்தது, யூசர் வெரிஃபிகேஷன் (விரல், முகம் அல்லது பின் நம்பரைக் கேட்டு ஆளைச் சரிபார்ப்பது) கட்டாயம் என்று கேட்பதும், திரும்பி வரும் தரவில் அது நடந்ததாகச் சொல்லும் கொடி (ஃபிளாக்) ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும். முதலாவதை எல்லோரும் செய்கிறார்கள், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

முன்வாசலில் பாஸ்கீ, கொல்லைப்புறத்தில் ஓடிபி

போன் தொலைந்தது என்று சொன்னதும் எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டால், திருடனுக்கு உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் ஒன்று கிடைத்தால் போதும். இரண்டாவது கருவியில் ஒரு பாஸ்கீயோ, அச்சடித்து பீரோவில் வைக்கிற ரெக்கவரி கோடோ, பதிவு செய்கிற அன்றே கொடுத்துவிடுங்கள்.

க்யூஆரை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வது

சிரிக்காதீர்கள், நடந்தது. பாஸ்கீ போனில் இருக்க, கம்ப்யூட்டரில் லாகின் செய்ய வேண்டுமென்றால், போனால் ஸ்கேன் செய்யச் சொல்லித் திரையில் ஒரு க்யூஆர் வரும். ஒரு கிளையண்ட் மதுரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்த க்யூஆரைப் படமெடுத்து, பாஸ்கீ இருக்கும் போனோடு சென்னையில் இருந்த பார்ட்னருக்கு அனுப்பினார். ஸ்கேன் ஆனது, சுற்றியது, நின்றுவிட்டது. போனும் கம்ப்யூட்டரும் பக்கத்தில்தான் இருக்கின்றன என்று ப்ளூடூத் மூலம் தெரிந்தால்தான் அது மேலே போகும். இல்லாவிட்டால் மோசடிக்காரர்கள் எல்லாரும் இந்தப் படத்தைத்தான் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ப்ளூடூத் இல்லாத பழைய டெஸ்க்டாப் என்றால் பக்கத்திலேயே நின்றாலும் ஓடாது, ஒரு டாங்கிள் வாங்கிச் செருக வேண்டும். எங்கள் ஆட்கள் இதை பக் என்று டிக்கெட் போட்டு இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். ‘இப்படித்தான் நடக்க வேண்டும்’ என்று எழுதி நான்தான் அதை மூடினேன்.