வேம்பு கட்டிய வேல்: காதல் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறேழு பேர் கதையோடு வந்து உட்காருவார்கள். போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த பையன் ஒரு காதல் கதை வாசித்தான். மூன்றாவது வரியிலேயே நாயகியின் ஸ்கூட்டி நம்பர் வந்துவிட்டது, நான்கு இலக்கமும்.

"நிஜ நம்பரா தம்பி?"

"ஒரு நம்பர மட்டும் மாத்திட்டேன் சார்" என்றான் பெருமையாக.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் சிலதை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஒற்றுப்பிழை, நீளமான அடைமொழி, முதல் பத்தியிலேயே மழை, இதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்லப்போவது வேறு.

கடலில் அஸ்தமனம்

நம் கடல் கிழக்கே இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலும் சரி, புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் சரி, சூரியன் கடலிலிருந்து எழுந்து ஊருக்குள் போய் விழும். ஆனாலும் வருஷத்துக்கு நாலு கதையிலாவது காதலர்கள் கைகோத்து உட்கார்ந்திருக்க, செக்கச் சிவந்த சூரியன் கடலில் மூழ்குகிறது. அது சினிமாவிலிருந்து வந்த சூரியன். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் நிழல்தான் உங்களுக்கு முன்னால் தண்ணீரை நோக்கி நீளும். எழுத வேண்டியது அந்த நிழலை.

கடல் கதையில் சும்மா படுத்திருப்பதும் இதே வகைதான். நற்றிணை 172-ல் ஒரு புன்னை மரம் வருகிறது. சின்ன வயசில் விளையாட்டாக மணலில் அழுத்திய விதை, மறந்துபோன பிறகு முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மா பெண்ணிடம் சொல்கிறாள்: இது உன் தங்கை, உன்னைவிட உசத்தி. இப்போது காதலன் அந்த மரத்தடியில் வந்து நிற்கிறான். தங்கை முன்னால் உன்னோடு எப்படிச் சிரிப்பது, வெட்கமாக இருக்கிறதே என்கிறாள் அந்தப் பெண். மரத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. உங்கள் கதையிலிருந்து கடலை எடுத்துப் பாருங்கள், ஒன்றும் குறையாது.

அவள் கண்கள்

மீன், மான், நிலா. மூன்றுக்கும் ஓய்வு கொடுங்கள்.

வேம்பு

இதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டுவது, அதனால் நீளும்.

என் சிநேகிதன் ஒருவனும் எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் காதலித்தார்கள். கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அவளிடம் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா இருந்தது. அவள் பாட்டியுடையது. பாத்திரக் கடையில் பேர் வெட்டியவன் 'கமலா' என்பதற்கு 'கலமா' என்று வெட்டித் தொலைத்திருந்தான். பாட்டி அதைத் திருப்பிக் கொடுக்காமல் சிரித்துக்கொண்டே வைத்துக்கொண்டாளாம். தெருவில் எல்லாரும் அதைக் கலமா டப்பா என்றுதான் சொல்வார்கள். கடிதங்கள் அதன் மூடிக்குள் மடிந்துதான் போய் வந்தன.

காதல் நிறைவேறவில்லை. அவன் வேலைக்காக வடக்கே போனான், அப்படியே விட்டுப்போயிற்று. ஒரு வருஷம் கழித்து நான் அதைக் கதையாக எழுதினேன். அவள் பேரை மாற்றினேன். கடலூரை நாகப்பட்டினம் ஆக்கினேன். கெடிலம் ஆறு இருந்த இடத்தில் ஒரு வாய்க்காலை வெட்டினேன். அவளுக்கு இல்லாத ஒரு அண்ணனைக்கூட உண்டாக்கினேன். ஆனால் எழுத்து மாறி வெட்டிய டப்பாவை மட்டும் விட மனசு வரவில்லை. கதையின் உயிரே அதுதான் என்று நினைத்தேன். 'காதலும் எழுத்து மாறிப்போன பெயர்தானே' என்று ஒரு கடைசி வரி வேறு.

முந்நூறு பிரதி அச்சான சிற்றிதழ் அது. யார் படிக்கப்போகிறார்கள்? அவள் சித்தப்பா படித்தார். நூலகத்தில் எதையும் விடாமல் படிக்கிற மனுஷர். அப்போது அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகியிருந்தது. கடிதம் போன வழி வரைக்கும் நான் அச்சில் போட்டிருந்தேன் இல்லையா, வீட்டில் கிளம்பிய பேச்சு மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. நிச்சயம் நின்றது.

அவள் என்னைத் திட்டவில்லை. ஒருநாள் தெருமுனையில் நிறுத்தி, "எல்லாத்தையும் மாத்துனீங்களேண்ணா, டப்பாவ மட்டும் ஏன் விட்டீங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பதில் பத்துப்பாட்டில் இருந்தது, நான்தான் அதுவரை ஒழுங்காகப் படிக்கவில்லை. நெடுநல்வாடையில் வாடைக் காற்றடிக்கும் இரவில் அரசி அரண்மனையில் தவித்துக்கொண்டிருக்கிறாள். அரசன் பாசறையில் தூங்காமல் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான். பிரிவுதான், அகம்தான், அதாவது காதல் பாட்டுதான். பெயர் எங்கும் இல்லை. ஆனால் கூட வருகிறவனின் கையில் 'வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகம்'. வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் பூ. ஆள் இன்னார் என்று காட்டிவிட்டதே, அதனால் இது புறம், போரையும் அரசனையும் பாடுகிற வகை என்று சொல்லிவிட்டார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். 188 அடி உள்ள பாட்டை ஒரு கொத்து வேம்பு திணை மாற்றிவிட்டது.

'மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பியம். காதலைப் பாடும்போது இன்னார் என்று பெயர் சொல்லக்கூடாது என்று அர்த்தம். இதை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன். ஏதோ மரியாதைக்கான விதி என்று நினைத்திருந்தேன். எழுதுகிறவனுக்கு அதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது: ஆள் தெரிந்துவிட்டால் படிக்கிறவர் காதலை விட்டுவிட்டு ஆளைத் தேடப் போய்விடுவார். என் கதையைப் படித்த யாரும் அந்தக் கடைசி வரியைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. "யாருப்பா அது?" என்றுதான் கேட்டார்கள்.

இதைச் சொன்னதும் புதிதாக எழுதுகிறவர்கள் அடுத்த குழியில் விழுவார்கள். எல்லா விவரத்தையும் வழித்துப் போட்டுவிட்டு, 'ஒரு ஊரில் ஒரு பெண்' என்று கொண்டுவருவார்கள். அதற்கு டப்பாவே தேவலை. விவரம் வேண்டும், அது ஆளுக்கு ஒட்டியதாக இல்லாமல் அந்தப் பொழுதுக்கு ஒட்டியதாக இருக்க வேண்டும். குறுந்தொகை 25-ல் கபிலர் செய்வதைப் பாருங்கள். அவன் என்னைக் கூடிய அன்று யாருமே இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் ஒரு பெண். பிறகு ஞாபகம் வந்தவளாக, ஒரு குருகுப் பறவையும் இருந்தது என்கிறாள். தினைத்தாள் மாதிரி சின்னப் பசுங்கால். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது, இருந்த ஒரே சாட்சியும் மீன் மேல் கண்ணாக இருந்தது. அந்தப் பெண் யார் என்று இந்தக் குருகை வைத்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் பயம் மட்டும் அப்படியே நம்மிடம் வந்துவிடுகிறது.

இதை எழுதும்போது இங்கேயும் பேர், ஊர் விவரம் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். டப்பாவையும்தான். அது டப்பாவே இல்லை.

"வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை"

இந்த ஒரே வரியில் தடையை முடித்துவிட்டு அழுகைக்குப் போய்விடுகிறார்கள். யார் ஒத்துக்கொள்ளவில்லை? அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா, கை கழுவிவிட்டாரா? நம் பக்கத்தில் சாதி சாதி என்ற சொல்லாக வந்து நிற்பதில்லை, "பையன் எந்தத் தெரு?" என்ற கேள்வியாகத்தான் வரும். கேள்வியை எழுதுங்கள்.

புதுச்சேரிக்காரர் பாரதிதாசன் புரட்சிக்கவியில் தடையை ஒரு திரைத் துணியாகவே தொங்கவிட்டார். கவிஞன் குருடன் என்று இளவரசியிடமும், இளவரசிக்குத் தொழுநோய் என்று கவிஞனிடமும் சொல்லிவைத்து, நடுவில் திரை கட்டிப் பாடம் நடக்கிறது. அவன் வானத்து நிலாவைப் பார்த்துப் பாட ஆரம்பித்ததும், குருடனுக்கு நிலா எப்படித் தெரிந்தது என்று அவளுக்குச் சந்தேகம் வருகிறது. இரண்டு பொய்களும் அங்கே அவிழ்கின்றன. தடையே கதையை நகர்த்துகிறது.

வசனம்

காதலர்கள் காதலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். பஸ் வந்ததா, காய்ச்சல் விட்டதா என்றுதான் பேசுவார்கள். கண்கள் ஒத்துப்போனால் வாய்ச்சொல்லால் பயன் இல்லை என்று குறளே சொல்லியாயிற்று.

கடைசியில் சாவு

கதையை அனுப்ப வேண்டிய தேதி நெருங்கிவிட்டது, முடிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

நெல்லிக்குப்பம் பையன் போன வாரம் திருத்தி எடுத்துவந்தான். நம்பர் இல்லை. ஸ்கூட்டியையே தூக்கிவிட்டான். புதுச்சேரி வேலைக்கு அவள் இப்போது பஸ்ஸில் போகிறாள்.

"ஆனா ஒரு சிக்கல் சார். காலைல அந்த பஸ்ல உக்கார எடமே கெடைக்காது. அவன் அனுப்புன மெசேஜ எப்படிப் படிப்பா?"

"நின்னுகிட்டே படிக்கட்டும்."

"ஒரு கை கம்பியில இருக்கும். இன்னொரு கையில சோத்துப் பை."

"அப்பறம்?"

"பெண்ணையாத்துப் பாலம் வரைக்கும் போன் பைக்குள்ள அடிச்சுக்கிட்டே இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த காகிதத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான்.