ரெடிமேட் கம்ப்யூட்டரில் பவர் சப்ளை மாற்றுவது

புது கிராபிக்ஸ் கார்டுக்கு வாட் போதவில்லை என்றதும் பவர் சப்ளை வாங்க ஓடாதீர்கள், முதலில் மூடியைக் கழற்றி மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரில் எத்தனை பின் என்று எண்ணுங்கள். 24 இருந்தால் பெரும்பாலும் சாதாரண ஏடிஎக்ஸ் (கடைகளில் கிடைக்கும் பொது அளவு பவர் சப்ளை) போதும். 6, 8, 10 என்றால் அது வேறு வகை, பொருத்தமான அடாப்டர் கேபிள் தேட வேண்டியிருக்கும். ஒல்லியான கேபினெட்டில் ஏடிஎக்ஸ் நுழையவே நுழையாது, அதனால் அளவும் எடுங்கள்.

சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், கேபிள்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். புதியதை மாட்டும்போது பிராசசருக்குப் போகும் 8 பின் கனெக்டர் 4+4 ஆகவும் கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2 ஆகவும் பிரியும், குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்புறம், பழைய பவர் சப்ளையின் மாடுலர் கேபிளை (பெட்டியிலிருந்து தனியே கழற்றக்கூடியது) புதியதில் செருகவே கூடாது: முனை பொருந்தினாலும் உள் வயரிங் வேறாக இருக்கலாம், ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும்.