ஃபோர்க்லிஃப்ட் டில்ட் சிலிண்டருக்கு சீல் மாற்றுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மேய்டன் வார்ஃப் துறைமுகப் பகுதி போலக் கடலை ஒட்டிய இடங்களில் ஓடும் ஃபோர்க்லிஃப்டின் டில்ட் சிலிண்டர் (மாஸ்ட் என்ற தூக்குக் கம்பத்தை முன்னும் பின்னும் சாய்க்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்) ஒழுகினால், எண்ணெயைத் தடுக்கும் சீலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். உப்புக்காற்று, சிலிண்டரிலிருந்து நீளும் தண்டான ராடின் குரோம் பூச்சில் ஊசிமுனைக் குழிகளைப் போடும். ராடு உள்ளே போய் வரும்போதெல்லாம் அந்தக் குழிகள் சீலின் உதட்டைக் கீறும். புது சீலுக்கும் அதே கதிதான்.

ராடு வெளிவரும் வாயில் எண்ணெய் வடிந்தால் கிளாண்டு (அந்த வாயின் மூடி) சீல் போயிருக்கிறது. வெளியே காய்ந்திருந்தும் மாஸ்ட் தானாக முன்னால் சாய்ந்தால் பிஸ்டன் சீல் அல்லது கன்ட்ரோல் வால்வு. ஒழுக்கைக் கையால் தடவித் தேடாதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைக்கும்.

கழற்றும் முன் ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். மாஸ்ட் முன்னால் விழாமல் பிடித்திருப்பது டில்ட் சிலிண்டர்கள்தான். அதனால் சிலிண்டரை இணைக்கும் பின்னைத் தொடும் முன்பே மாஸ்டைச் செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பி) கட்டிவிட வேண்டும். இன்ஜினை அணைத்து டில்ட் லிவரை இரு பக்கமும் ஆட்டுங்கள். அப்போதும் உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கலாம். ஹோஸ் நட்டை அரைத் திருகு தளர்த்தி, எண்ணெய் அடங்கிய பிறகு முழுதாகக் கழற்றி, வாய்களை மூடுங்கள்.

ராடு முனைக் கண்ணை (பின் நுழையும் வளையம்) கழற்றுவதானால் வெளியே தெரியும் மரையின் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். இடது, வலது சிலிண்டர்கள் ஒத்துப்போகாவிட்டால் மாஸ்ட் முறுக்கிக்கொள்ளும்.

வெளி அழுக்கை நன்றாகக் கழுவிய பின், சிலிண்டரின் அடிக்கண்ணை வைஸில் பிடியுங்கள். குழாயை நெரிக்கக் கூடாது. கொக்கி ஸ்பேனரால் கிளாண்டைத் திருகி, ராடை நேராக இழுங்கள். வராவிட்டால் கம்ப்ரசர் காற்றைச் செலுத்தித் தள்ளுவது கொலைகார வேலை. ராடு குண்டு மாதிரி பாயும்.

இப்போது ராடின் நீளம் முழுக்க நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் குழி இருந்தால் மறுகுரோம் அல்லது புது ராடு. எமரி தாளால் தேய்த்துச் சமாளிக்க முடியாது. குழாயின் உட்சுவரில் ஆழக்கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சீல் வாங்க ராடு விட்டம், குழாய் உள்விட்டம், பள்ளத்தின் அகலம், ஆழம் ஆகியவற்றை வெர்னியரில் எடுங்கள். பழைய சீலை அளக்காதீர்கள், அது ஊதியோ சுருங்கியோ இருக்கும். எடுக்கும்போது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

புதியோர் அதிகம் சறுக்குவது திசையில்தான். யூ (U) வடிவ வெட்டுமுகம் கொண்ட யூ கப் சீலின் திறந்த வாய் எண்ணெய் அழுத்தம் வரும் உட்பக்கம் பார்க்கட்டும். ராடின் அழுக்கை வழிக்கும் வைப்பரின் உதடு வெளிப்பக்கம். ஓ-ரிங்குடன் அதைத் தாங்கும் பேக்கப் ரிங் வந்தால் அது அழுத்தம் குறைந்த பக்கம். யூ கப்பை விரலால் அவரைவிதை வடிவில் மடித்துப் பள்ளத்தில் விடலாம். டெஃப்லான் பிஸ்டன் சீலை வெந்நீரில் இளக்கி ஏற்றி, ஆறும்வரை கிளிப் போட்டு அழுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் குழாய்க்குள் நுழையும்போதே வெட்டுப்படும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

ராடு மரைமேல் டேப் சுற்றி, எல்லாவற்றிலும் சுத்தமான ஹைட்ராலிக் எண்ணெய் தடவிக் கோத்துவிடுங்கள். பிஸ்டன் நட், கிளாண்டு இரண்டுக்கும் டார்க் அளவு (எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது) வண்டியின் கையேட்டில் இருக்கும்.

மாட்டிய பின் சுமையில்லாமல், கடைசி எல்லையைத் தொடாமல், ஐந்தாறு முறை மெதுவாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். உள்ளே அடைபட்ட காற்று திடீரென அழுந்திச் சூடானால் புது சீல் கருகும். பிறகு மாஸ்டை இறக்கி டாங்க் அளவைப் பாருங்கள். ராடில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. சொட்டினால் மறுபடி கிளாண்டைத் திறக்க வேண்டியதுதான்.